ரேசும் டிரெயிலும் ஒரே குவாடில்: பின் டயர் எதைப் போடுவது?

ஸ்போர்ட் குவாடில், அதாவது ரேஸுக்கும் காட்டுப்பாதைக்கும் ஓட்டும் நான்கு சக்கர மண்பாதை வண்டியில், முதலில் தேய்வது பின் டயர்தான். எஞ்சினின் இழுவை முழுவதும் அதன் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. வளைவில் வண்டியின் வாலை வீசும்போது உரசுவதும் அதுதான், பாறையில் ஏறும்போது அடி வாங்குவதும் அதுதான். யமஹா ஒய்எஃப்இசட்450ஆர், ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர், யமஹா ராப்டர் 700 மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் சீக்கிரமே அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் மொட்டையாகிவிட்டது, அடுத்து எதைப் போடுவது? மாதம் ஒரு ஞாயிறு ரேஸ், மற்ற வாரங்களில் நண்பர்களோடு காட்டு டிரெயில் என்று ஒரே வண்டியை ஓட்டுபவருக்கு இது இன்னும் சிக்கல். ரேஸுக்கென்று செய்த மெல்லிய டயர் டிரெயிலில் கிழிந்துபோகும். டிரெயிலில் வருஷக்கணக்கில் உழைக்கும் டயர் ரேஸில் கனமாக, மந்தமாக இருக்கும்.

கடையில் போய் நின்றால் கண் முதலில் பட்டனுக்குத்தான், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்குத்தான் போகும். எந்த டயரில் பட்டன் முரட்டுத்தனமாக இருக்கிறதோ அது நல்ல டயர் என்று தோன்றும். நான் நேர்மாறான வரிசையைச் சொல்வேன். முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள், அடுத்து கேசிங், அதாவது டயரின் உடம்பு எவ்வளவு தடிமன் என்பது. அப்புறம் அகலமும் ரிம்மும். பட்டனைக் கடைசியில் பாருங்கள். முதல் மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் பட்டனில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்து ஓட்டலாம். முதல் மூன்றில் ஒன்று தப்பினால் எவ்வளவு நல்ல பட்டனும் காப்பாற்றாது.

இங்கே பேசுவது இரு சக்கர இழுவை உள்ள ஸ்போர்ட் குவாடுகளைப் பற்றி, அதுவும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓடுபவற்றைப் பற்றி. பண்ணை வேலைக்கும் வேட்டைக்கும் போகும் பெரிய நான்கு சக்கர இழுவை ஏடிவிகளுக்கு (குவாடுகளுக்கான பொதுப்பெயர் ஏடிவி) 25, 26 அங்குல டயர், 12 அல்லது 14 அங்குல ரிம், வேறு சஸ்பென்ஷன் என்று கணக்கே வேறு.

பின் சக்கரம் சறுக்கத்தான் வேண்டும்

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் பிடிபடாது. காரில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. திரும்பும்போது வெளிச் சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுற்றும். ஸ்போர்ட் குவாடில் அது கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே இரும்பு ஆக்சிலில் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுதான். சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டியவர்கள் இதைக் கையாலேயே உணர்ந்திருப்பார்கள்: நேராக உருட்டினால் சுலபமாகப் போகும், திருப்பினால் ஏதாவது ஒரு நுங்கு தரையில் உரசியே ஆக வேண்டும். குவாடும் அப்படித்தான். வளைவில் ஒரு பின் டயராவது சறுக்கினால்தான் வண்டி திரும்பும்.

அதனால் பின் டயரில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று மட்டும் கேட்பது போதாது. அந்தப் பிடிப்பு எப்படி விடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். தோள், அதாவது மேற்பரப்பு பக்கச் சுவரோடு சேரும் ஓரம், சதுரமாக இருக்கும் டயர் நேராகப் போகும்போது அகலமாக மண்ணில் பதியும், ஆனால் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கும்போது ஓரப் பட்டன் மண்ணைக் கவ்வும். காய்ந்து இறுகிய தரையில் அப்படித் திடீரென்று கவ்வினால் உட்பக்கச் சக்கரம் மேலே எழும். வண்டி திரும்பாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும், இல்லையென்றால் கவிழப் பார்க்கும். தோள் உருண்டையாக இருக்கும் டயர் மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சறுக்கும். எவ்வளவு சறுக்குகிறோம் என்பது த்ராட்டிலிலேயே தெரியும். இரண்டு மணி நேரம் மரங்களுக்கு நடுவே ஓட்டுபவருக்கு இந்த முன்னறிவிப்பு பெரிய வரம். நீண்ட டிரெயிலில் கை ஓய்ந்துபோகாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

உயரம்: 18, 20, 22

டயரில் 20x10-9 என்று போட்டிருந்தால் உயரம் 20 அங்குலம், அகலம் 10, ரிம் 9. மேலே சொன்ன மூன்று வண்டிகளுக்கும் கம்பெனி பின்னால் போட்டுக் கொடுத்தது இந்த சைஸ்தான். மோட்டோகிராஸ், அதாவது தாவல்களும் வளைவுகளும் உள்ள மண் தட ரேஸ், ஓட்டுபவர்கள் 18x10-8 அல்லது 18x10-9-க்கு மாறுவார்கள். டிரெயிலில் பாறை அதிகம் என்பவர்கள் 22 அங்குலத்தை யோசிப்பார்கள்.

18 அங்குலத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒய்எஃப்இசட்450ஆரில் கம்பெனி ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) முன்னால் 14 பல், பின்னால் 38 பல். டயரை 20-லிருந்து 18 ஆக்குவது, பின் ஸ்ப்ராக்கெட்டை ஏறத்தாழ 42 பல்லாக மாற்றுவதற்குச் சமம். வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி சீறும், ஆனால் உச்ச வேகம் குறையும். நீண்ட நேர்பாதையில் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். மோட்டோகிராஸ் தடத்தில் தாவல்களும் வளைவுகளும் அடுத்தடுத்து வருவதால் இது நல்லதுதான். வண்டியின் எடைமையமும் தாழ்கிறது, வளைவில் சாய்வது குறைகிறது. அங்கே 18 அங்குலத்துக்கு ஈடு இல்லை.

டிரெயிலில் கதை வேறு. டயரின் உயரம் 2 அங்குலம் குறைந்தால் ஆக்சில் 1 அங்குலம் தரைக்கு நெருங்கும். ஆக்சிலோடு சேர்ந்து பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் அவற்றின் அடியில் இருக்கும் தகடும் நெருங்கும். ஸ்போர்ட் குவாடின் பின்பகுதியில் மிகத் தாழ்வாகத் தொங்குவது இவைதான். முன் சஸ்பென்ஷன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை. ஆக்சில் எப்போதும் டயரின் பாதி உயரத்தில்தான் இருக்கும். வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் அந்த ஒரு அங்குலம் போனால் ஸ்ப்ராக்கெட் பல் வளையும், டிஸ்க் நெளியும், செயின் கழன்று விழும். காட்டுக்குள் இது நடந்தால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

22 அங்குலம் இதற்கு எதிர்முனை. கல்லுக்கு மேல் ஒரு அங்குலம் கூடுதல் இடைவெளி கிடைக்கும், குழிகளை டயர் மென்மையாக விழுங்கும். ஐடிபி கம்பெனியின் ஹோல்ஷாட் எக்ஸ்சிடி டயர் இந்த நோக்கத்துக்கென்றே உயரமாக வருகிறது. விலையாக நீங்கள் கொடுப்பது சீற்றத்தை. 450 சிசி எஞ்சின் கீழ் சுற்றுகளில் அவ்வளவு வலுவானது அல்ல. பத்து சதவீதம் நீண்ட கியர் அதற்குச் சுமையாக இருக்கும், கிளட்ச் அதிகம் பிடிக்க வேண்டி வரும். முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைத்தால் ஓரளவு சரியாகும். பின்பக்கம் உயர்ந்துவிடுவதால் முன் டயரையும் உயரமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ராப்டர் 700-இல் இழுவை தாராளம், அதில் 22 அங்குலம் பொருந்தும். டிரெயில் மட்டும் ஓட்டும் ராப்டர்காரருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். 450 வைத்து ரேஸும் ஓட்டுபவர் 20-லேயே நிற்பது நல்லது.

கேசிங்: பணத்தை இங்கே போடுங்கள்

டயரின் பக்கத்தில் 2 ப்ளை, 4 ப்ளை, 6 ப்ளை என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அத்தனை அடுக்கு துணி இருக்கிறது என்று இப்போது அர்த்தமில்லை. எவ்வளவு வலுவுக்குச் சமம் என்பதைச் சொல்லும் தர அளவு அது. எண் கூடக்கூட கேசிங் தடிமனாகும், எடை கூடும், கல் கிழிப்பது குறையும்.

மோட்டோகிராஸ் டயர்கள் பெரும்பாலும் மெல்லியவை. தடத்தில் கல் கிடையாது, ஒரு மோட்டோ, அதாவது ஒரு சுற்றுப் பந்தயம், இருபது நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் டயர் இலேசாக இருந்தால் சக்கரம் சீக்கிரம் வேகம் எடுக்கும், தாவல் முடிந்து இறங்கும்போது மண்ணில் மென்மையாகப் பதியும். அதே டயரைப் பாறை டிரெயிலுக்குக் கொண்டுபோனால் கூரான கல்லின் விளிம்பும் ரிம்மின் விளிம்பும் சேர்ந்து டயரை நடுவில் நசுக்கும். பாம்பு கடித்தது மாதிரி இரண்டு துளை விழும். இன்னும் மோசமானது பக்கச் சுவர் கிழிவது. மேற்பரப்பில் ஆணி ஏறினால் பஞ்சர் கிட்டில் இருக்கும் ரப்பர் திரியைத் திணித்து ஓட்டிவிடலாம். பக்கச் சுவரில் விரல் நீளத்துக்குக் கிழிந்தால் திரி நிற்காது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, திரியைத் துப்பிவிடும்.

காட்டுக்குள் நீண்ட நேரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி ரேஸ் இதற்கு நடுவில் நிற்கிறது. ரேஸ் டயருக்கும் டிரெயில் டயருக்கும் இடையில் உங்களுக்கு ஒரு பாலம் கிடைப்பது இங்கேதான். 1975-இல் மேற்கு வர்ஜினியாவின் டேவிஸ் ஊரில் டேவ் கூம்ப்ஸ் தொடங்கிய பிளாக்வாட்டர் 100 என்ற பந்தயத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஜிஎன்சிசி (கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி) தொடர். அதில் ஏடிவி பந்தயம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. மணல், களிமண், ஆற்றுக்கல், வேர், சேறு எல்லாம் ஒரே நாளில் வரலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பஞ்சர் ஆனாலே ரேஸ் கையை விட்டுப் போய்விடும். ஆகவே அங்கே ஓட்டுபவர்களுக்கு வலுவான கேசிங்கும் வேண்டும், வேகமும் வேண்டும். டயர் கம்பெனிகள் அதற்கென்று உழைத்ததன் பலன்தான் 6 ப்ளை கிராஸ் கன்ட்ரி டயர்கள். ஐடிபி தன் டயர் ஒன்றுக்கு ஹோல்ஷாட் ஜிஎன்சிசி என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்தத் தொடரில் ஒன்பது முறை ஏடிவி சாம்பியனான பில் பேலன்ஸின் பெயரை மேக்சிஸ் தன் ரேசர் வரிசை டயர் ஒன்றுக்கு வைத்தது. ஜிபிசி எக்ஸ்சி மாஸ்டர், கெண்டா க்ளா எக்ஸ்சி ஆகியவையும் இதே வேலைக்கு வந்தவை.

டிரெயில் ஓட்டுபவருக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். மேற்கு வர்ஜினியாவின் தெற்கில் 2000-இல் திறந்த ஹாட்ஃபீல்ட்-மெக்காய் டிரெயில்கள் இன்று ஆயிரம் மைலுக்கு மேல் விரிந்திருக்கின்றன. பழைய நிலக்கரி நிலங்களின் வழியே போகும் பாதைகள் அவை. உடைந்த பாறைத்துண்டும் செங்குத்து ஏற்றமும் தாராளமாக உண்டு. அங்கே டயர் கிழிந்தால் டிரக் நிற்கும் இடம் பல மைல் தள்ளி இருக்கும். ரேஸில் டயர் போனால் புள்ளி போகும். இங்கே போனால் மாலை இருட்டுவதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இல்லை நண்பர் கயிறு கட்டி இழுக்க வேண்டும். 6 ப்ளையின் கூடுதல் எடையைச் சுமப்பது எனக்கு ஒரு பெரிய விலையாகத் தெரியவில்லை.

ரேடியலா பயஸா என்ற கேள்வியும் இங்கே வரும். கேசிங் நூல் நேர்குறுக்காக ஓடுவது ரேடியல், சாய்வாக ஓடுவது பயஸ். ரேடியலின் பக்கச் சுவர் நெகிழ்வானது, சவாரி மென்மையாக இருக்கும், தரையில் பதியும் பரப்பும் நன்றாக இருக்கும். பயஸ் டயரின் சுவர் விறைப்பானது. வளைவில் வண்டி ஆடாது, அழுத்தம் குறைந்தாலும் ரிம்மிலிருந்து எளிதில் கழலாது. டிரெயில் மட்டும் என்றால் ரேடியலில் சுகம் அதிகம். ரேஸும் சேர்ந்தால் என் கை பயஸுக்குத்தான் போகும்.

அகலமும் ரிம்மும்

இதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. 20x10-9 இருந்த இடத்தில் 20x11-9 போடலாம், அதே ரிம்மில் உட்காரும். ஒரு அங்குல அகலம் கூடினால் மணலிலும் இளகிய மண்ணிலும் பிடிப்பு கூடும், எடையும் கொஞ்சம் கூடும், இறுகிய தரையில் சறுக்க வைப்பது சற்றுக் கடினமாகும். கிராஸ் கன்ட்ரிக்காரர்கள் பலர் 11-ஐ விரும்புகிறார்கள். நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் இறுகிய களிமண்ணும் பாறையும் என்றால் 10-ஏ போதும்.

ரிம் 9-லிருந்து 10-க்குப் போவதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 20x10-9-இல் ரிம்முக்கும் தரைக்கும் இடையில் ஐந்தரை அங்குலம் ரப்பரும் காற்றும் இருக்கிறது. 20x11-10-இல் அது ஐந்துதான். 18x10-9-இல் நாலரை. அந்த உயரம் குறையக் குறைய வளைவில் வண்டி துல்லியமாகும், ஆனால் கல் ரிம்மை எட்டுவது சுலபமாகும். டிரெயிலுக்கு 20 அங்குல டயரும் 9 அங்குல ரிம்மும்தான் நல்ல சேர்க்கை.

பட்டன்

சரி, இப்போது எல்லாரும் முதலில் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம்.

ஓட்டும் மண்ணைப் பொறுத்ததுதான் இது. ஜிஎன்சிசி தொடர் போகும் இடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவின் பலாட்காவில் மணல். தென் கரோலினாவின் யூனியனில் சிவப்புக் களிமண், மழை பெய்தால் பசையாகிவிடும். மேற்கு வர்ஜினியாவின் ஸ்னோஷூவில் மலை, பாறை, சேறு. இந்த மூன்றுக்கும் ஒரே பட்டன் சிறந்ததாக இருக்க முடியாது. பட்டன்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருந்தால் களிமண் ஒட்டாமல் சுழற்சியில் தெறித்து விழும். இடைவெளி நெருக்கமாக இருந்தால் இறுகிய தரையில் ரப்பர் அதிகம் பதிந்து வண்டி நிதானமாக ஓடும், ஆனால் ஈரக்களிமண்ணில் ஒரே சுற்றில் டயர் வழுவழுவென்று உருண்டைக் கட்டியாகிவிடும்.

ஹோல்ஷாட் வரிசைக்கும் ரேசர் வரிசைக்கும் இடையேதான் பலர் ஊசலாடுகிறார்கள். ரேசரின் பட்டன்கள் கத்தி மாதிரி நீண்டு குறுக்கே வெட்டியவை. முன்னோக்கிய இழுவையில் அது பலசாலி, இளகிய மண்ணில் தோண்டிக்கொண்டு போகும். ஹோல்ஷாட் தனித்தனிப் பட்டன்களாக இருக்கும், பக்கவாட்டில் சறுக்கும்போது நிதானமாக விடும். காட்டுப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டியின் வாலை வீசி ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு ஹோல்ஷாட் பிடிக்கும். மணலிலும் செம்மண்ணிலும் த்ராட்டிலைத் திறந்து ஓட்டுபவருக்கு ரேசர் பிடிக்கும். இரண்டிலும் மாடலுக்கும் சைஸுக்கும் ஏற்ப ப்ளை மாறுகிறது. ஒரே பெயரில் மெல்லியதும் தடித்ததும் விற்கிறார்கள். பெயரை நம்பாமல் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பட்டனின் வடிவத்தைவிட ரப்பரின் மென்மையை நான் அதிகம் கவனிப்பேன். மென்மையான ரப்பர் ஈர வேரிலும் நனைந்த பாறையிலும் ஒட்டிப் பிடிக்கும், ஆனால் கூரான கற்கள் பட்டனின் மூலையைத் துண்டு துண்டாகப் பிய்த்தெடுக்கும். கடினமான ரப்பர் நீண்ட நாள் வரும், ஈரப்பாறையில் ஐஸில் ஓட்டுவது போல வழுக்கும். கட்டைவிரல் நகத்தால் பட்டனின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், இரண்டு டயரை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ராப்டர் 700 மாதிரி கனமும் இழுவையும் கூடிய வண்டிக்கு மென்மையான ரப்பர் சீக்கிரம் கரைந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கடினமானதே சரி.

மணல்மேட்டுக்கென்று வரும் துடுப்பு டயர்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மாதிரி திறந்த மணலுக்கு மட்டும்தான் அவை. டிரெயிலுக்கு வேண்டாம்.

காற்றும் சுற்றளவும்

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்றில் தப்பு செய்தால் எல்லாம் வீண். குவாடின் பின் டயர் ஓடுவது 4-லிருந்து 7 பி.எஸ்.ஐ வரைதான். கார் டயருக்கு வைத்திருக்கும் கேஜ் இந்த அளவில் சரியாகக் காட்டாது. 0-லிருந்து 15 வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்த கேஜ் ஒன்று கட்டாயம் வேண்டும். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் தொடங்கி, பாறை டிரெயிலுக்கு ஒன்று அல்லது இரண்டு கூட்டுங்கள், இளகிய மண்ணுக்கு ஒன்று குறையுங்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு பி.எஸ்.ஐ என்பது பெரிய வித்தியாசம்.

குளிர்காலத்தில் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ள கராஜில் 5 பி.எஸ்.ஐ அடித்துவிட்டு, காலையில் 0 டிகிரியில் வண்டியை இறக்கினால் டயரில் ஏறத்தாழ 3.7 தான் இருக்கும். கார் டயரில் இதே அளவு குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே நாலில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. முதல் வளைவிலேயே டயர் ரிம்மை விட்டுக் கழலக்கூடும். அதனால் ஓட்டப்போகும் இடத்தில், ஓட்டுவதற்குச் சற்று முன்பு அளந்து அடியுங்கள்.

அடுத்தது, பலர் செய்யாமல் விடும் வேலை. இரண்டு பின் டயரையும் ரிம்மில் ஏற்றி, சம அளவு காற்று அடித்து, தையல்காரர் வைத்திருக்கும் நாடாவால் டயரின் நடுவைச் சுற்றி அளந்து பாருங்கள். 20 அங்குல டயர் என்றால் 63 அங்குலத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரே மாடல், ஒரே சைஸ் டயர்களிலும் அரை அங்குலம் முன்பின் இருப்பதுண்டு. காரில் இது பொருட்டில்லை. குவாடில் இரண்டு சக்கரமும் ஒரே ஆக்சிலில் இறுகியிருப்பதால், சுற்றளவு கூடின பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் போகப் பார்க்கும், வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். நேர்பாதையில் கைப்பிடியை எப்போதும் ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தால், முன் அலைன்மென்டைக் குறை சொல்வதற்கு முன்னால் பின் டயரை நாடா வைத்து அளந்துவிடுங்கள். சிறிய வித்தியாசத்தை அரை பி.எஸ்.ஐ கூட்டிக் குறைத்தே சரிக்கட்டலாம். பாதி தேய்ந்த டயரோடு புது டயரை ஜோடி சேர்க்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். ஒரு பக்கம் கிழிந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பீட்லாக் ரிம் வாங்கலாமா என்றால், ரேஸ் ஓட்டுபவருக்கு ஆம். வெளிப்புறத்தில் ஒரு வளையத்தை போல்ட் போட்டு இறுக்கி டயரின் விளிம்பைப் பிடித்து வைக்கும் ரிம் அது. பஞ்சர் ஆனாலும் டயர் கழன்று ஆக்சிலில் சுற்றிக்கொள்ளாது, பிட் (ரேஸில் வண்டியைச் சரிசெய்யும் இடம்) வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். டிரெயிலுக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குற்றமில்லை. டயருக்குள் காற்றுப் பந்துகளை அடைத்து வைக்கும் டயர்பால்ஸ் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பந்து உடைந்தாலும் மற்றவை தாங்கும். விலையும் கனமும் கூடுதல், மாட்டுவதும் சள்ளை. புள்ளிப்பட்டியலில் மேலே வரப் போராடுபவர்கள் யோசிக்கட்டும்.

எனக்குத் தெரிந்த முடிவு

கிராஸ் கன்ட்ரி ரேஸும் டிரெயிலும் ஓட்டுபவருக்கு ஒரு ஜோடி போதும்: 20x11-9 அல்லது 20x10-9, 6 ப்ளை, நடுத்தர மென்மை, உருண்டைத் தோள். ரேஸ் தடமும் டிரெயிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிலம் என்பதால் இரண்டிலும் அது நன்றாக உழைக்கும். ரேஸுக்கு முன்பு புது ஜோடி போட்டு, கொஞ்சம் தேய்ந்ததும் அதையே டிரெயிலுக்கு வைத்துக்கொண்டு அடுத்த ரேஸுக்கு மறுபடி புதிது போடும் வழக்கமும் நல்ல வழக்கம். பணம் வீணாவதில்லை.

மோட்டோகிராஸும் டிரெயிலும் என்றால் ஒரே ஜோடியில் முடிக்க முயலாதீர்கள். 18 அங்குலத்துக்கும் 20-க்கும் நடுவில் சமரசமாக ஒன்று தேடினால் இரண்டு இடத்திலும் அரைகுறையாகத்தான் அமையும். ரிம்மோடு இரண்டாவது செட் வாங்கிவிடுங்கள். சக்கரத்துக்கு நான்கு நட்டைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. ரிம் விலை முதலில் உறுத்தும், ஆனால் மெல்லிய மோட்டோகிராஸ் டயர்களை டிரெயிலில் கிழித்துக்கொண்டே இருப்பதைவிட அது மலிவு. அதோடு ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமலேயே தடத்துக்குக் குட்டைக் கியர், டிரெயிலுக்கு நீண்ட கியர் என்று இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. முன் டயரையும் அதற்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். மோட்டோகிராஸுக்கு முன்னால் 20 அங்குலம், டிரெயிலுக்கு 21 அல்லது 22.

டிரெயில் மட்டுமே, எப்போதாவது உள்ளூரில் ஒரு பந்தயம் என்றால் கம்பெனி சைஸிலேயே, ஆனால் 6 ப்ளையில் வாங்குங்கள். பிராண்ட் எது என்பதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். பக்கத்து ஊர் கடையில் எது கையிருப்பில் எப்போதும் இருக்கிறதோ அதையே எடுங்கள். ஒன்று கிழிந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் அதே மாடல் கிடைப்பது, பட்டன் வடிவத்தில் உள்ள நுணுக்கத்தைவிட உங்களுக்குப் பெரிய உதவி.

வாங்கி மாட்டியதும் முதல் ஓட்டத்தை நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், கொஞ்சம் தேய்ந்த பிறகுதான் பிடிப்பு வரும். ஓட்டம் முடிந்ததும் சக்கர நட்டுகளையும் பீட்லாக் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நடுப் பட்டன்களின் முன் விளிம்பு மழுங்கத் தொடங்கியதும், சுழலும் திசைக்கு அம்புக்குறி போடாத டயர் என்றால் இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுங்கள். அதுவரை சும்மா இருந்த பின் விளிம்பு முன்னால் வரும். அம்புக்குறி போட்ட டயரில் இதைச் செய்யாதீர்கள். அதற்குப் பள்ளம் வெட்டும் சூட்டுக் கத்தியால் பட்டனின் முன் விளிம்பைச் செதுக்கிக் கூராக்கலாம். கேசிங் நூல் தெரியும் அளவுக்கு ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.